மூக்கனைப் பேச வைத்த மூட்டையக்கா

டெலிபோன்காரரின் முழங்கால் ஒரு காலத்தில் எப்போது பார்த்தாலும் கன்றிப்போயிருக்கும். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய நடையின் கோடியில் அவருடைய அறை. அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், நடையில் எந்த இடத்தில் கை வலிக்கிறதோ அந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டுப் போவார்கள். கண் உள்ளவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். கண் தெரியாத டெலிபோன்காரர் நேராகப் போய் இடித்துக்கொள்வார். இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே, "வண்டிக்காரா, என்மேல நீ வெச்சிருக்கிற பாசத்துக்கு அளவே இல்லப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் நுழைவார்.

திடீரென்று ஒரு சமயத்திலிருந்து அந்த இடி நின்றுபோயிற்று. வண்டி சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. அவர் சலவைக்காரரைத் தேடிப் பிடித்து நன்றிகூடச் சொன்னார். சலவைக்காரரும் தனக்குச் சேராத நன்றியை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

வண்டியை ஓரமாகத் தள்ளி வைத்தது மூட்டையக்கா. காலையில் வேலைக்கு வரும்போதே, கையில் சுமையிருந்தால் இடுப்பாலாவது ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் மாடி ஏறுவார். யாரிடமும் சொன்னதில்லை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டினால் பாதி கரைந்துவிடும் என்பார்கள். அக்கா கரையவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

மூட்டையக்கா என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த பெயர். கணினிகளைப் பழுதுபார்க்கிறவர்கள் தோல்பையும் கழுத்துப்பட்டையுமாக வருவார்கள். அக்காவோ ஒரு பழைய பருத்தி விரிப்பை நாலு முனையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். உள்ளே திருப்புளிகள், பழைய பிளாப்பித் தகடுகள், செத்துப்போன கணினிகளின் வயிற்றிலிருந்து எடுத்த மின் அட்டைகள். "ஒரு நல்ல பை வாங்கிக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால், "நைலான் பை தேய்ஞ்சு தேய்ஞ்சு கண்ணுக்குத் தெரியாம பொறி கிளப்பும். நமக்கு அது கூச்சம், அட்டைக்கு அது இடி" என்பார்.

அவர் இந்தத் தொழிலைக் கேட்டு வாங்கியவர் அல்ல. கணவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷத்தில் மனுஷர் நோயில் விழுந்து கண்ணை மூடிவிட்டார். கடையை மூடுவதற்கு முன்னால், பழுதுக்கு வந்த சாமான்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அக்கா போய் உட்கார்ந்தார். பாதிக்குமேல் பிரித்துப் போட்டபடி கிடந்தது. பிரித்த ரேடியோவை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒவ்வொன்றையும் சேர்த்துச் சரிசெய்து கொடுக்கக் கற்றுக்கொண்டார். கடைசி ரேடியோ போவதற்குள் புது ரேடியோக்கள் வந்துவிட்டன. அப்புறம் டிவி, அப்புறம் கணினி, அப்படியே இந்த ஆஸ்பத்திரி வேலை. எதைத் திறப்பதானாலும் முதலில் அதன்மேல் கையை வைத்து, "ஆண்டவனே, திறக்கிறது என் பாடு, திரும்ப ஓட வைக்கிறது உன் பாடு" என்று முணுமுணுப்பார். ஓடாவிட்டால், "நம்ம பாட்டுலதான் எங்கேயோ குறை" என்பார். ஆண்டவனைக் குறை சொன்னதே கிடையாது.

டெலிபோன்காரருடைய வேலை என்னவென்றால், வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. "எங்கப்பாவை நேத்து சேர்த்தோம், எந்த வார்டு?" "என் தங்கச்சிக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?" இப்படி நாள் முழுக்க. சின்ன வயசில் வந்த காய்ச்சல் அவர் கண்ணைக் கொண்டுபோயிற்று. காதையும் நாக்கையும் விட்டுவைத்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே அவர் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிட்டார்.

அவருக்குத் துணை மூக்கன். மேஜைமேல் இருந்த பழைய கணினிக்குள் ஒரு பேசும் அட்டை செருகியிருந்தது. கண் தெரியாதவர்களுக்கான சங்கம் ஒன்று எப்போதோ வாங்கிக் கொடுத்தது. திரையில் வருகிற எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும். குரல் மட்டும் தீராத சளிக்காரன் மூக்கால் பேசுவது போல இருக்கும். அதனால் மூக்கன். நோயாளிகளின் பட்டியல் காலையும் மத்தியானமும் பிளாப்பியில் வரும். வலது காதில் டெலிபோன், இடது காதில் ஒரு காதுக் கருவி வழியாக மூக்கன். கூப்பிடுகிறவர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் மூக்கன் வார்டையும் கட்டிலையும் சொல்லிவிடுவான். சில சமயம் அவன் குரல் டெலிபோனில் கசிந்து, "சார், உங்க பக்கத்துல யாரோ ரொம்ப முடியாதவங்க இருக்காங்க போல. முதல்ல அவங்களைக் கவனிங்க, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று மறுமுனையில் இருக்கிறவர் வைத்துவிடுவதும் உண்டு.

டெலிபோன்காரருக்கு ஒரே ஒரு கர்வம் இருந்தது. பதில் தெரியாமல் யாரையும் காக்க வைத்ததில்லை என்பதுதான் அது.

அந்தக் கர்வத்துக்குத்தான் ஆபத்து வந்தது. பட்டியலை இனிமேல் பிளாப்பியில் கொடுக்கப்போவதில்லை, மாடியில் பதிவறையில் வைத்த பெரிய கணினிக்குள் அது இருக்கும், யார் வந்தாலும் போனாலும் அந்த நிமிஷமே மாறும் என்று முடிவு செய்தார்கள். எல்லா மேஜைக்கும் கம்பி இழுத்தார்கள். எல்லாருக்கும் புதுக் கணினி வந்தது. புதுக் கணினியில் மூக்கனைச் செருகுகிற நீளப் பள்ளமே இல்லை. பேசுகிற மென்பொருள் போட்ட புதுக் கணினி ஒன்று வேண்டுமென்று ஆபீஸ் மேலாளர் மேலிடத்துக்கு எழுதியும் பார்த்தார். அந்தக் கோரிக்கை மேலே போய் நன்றாகப் படுத்துத் தூங்கியது.

மேலாளர் நல்ல மனுஷர். அறைக்கே வந்து, டெலிபோன்காரரின் தோளில் கை வைத்துச் சொன்னார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. சம்பளத்துல ஒரு குறையும் வராது. தபால் அறையில ஜன்னல் பக்கமா ஒரு நாற்காலி போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். வாங்க, உக்காருங்க, போங்க."

"அங்க எனக்கு என்ன வேலை சார்?"

"வேலைன்னு... இருந்தா சொல்லுவாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மூக்கனுக்கு உடம்பு சரியில்லையா?"

"மூக்கனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஜன்னலோரமா நாற்காலி போட்டுக் கொடுக்கப்போறாங்களாம்."

"ஜன்னலா? உங்களுக்கா?" மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்து நிறுத்திக்கொண்டார். "ஆண்டவன் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது உங்களை ஒரு மூலையில சாத்தி வைக்கிறதுக்கா? அப்படி இருக்காது. சாப்பிடுங்க."

செய்தி மாடிக்குப் போனது. மறுநாள் மூட்டை ஒன்று டெலிபோன் அறை மேஜைமேல் தொப்பென்று இறங்கியது.

"அண்ணே, மூக்கன் பழைய வீட்டை விட்டு வர மாட்டான், அவ்வளவுதானே? வர வேண்டாம். பழைய வீட்டுக்கே கம்பி இழுத்துடலாம்."

"அதெல்லாம் ஆகுமா தங்கச்சி?"

"ஆகுமான்னு தெரியல. பாக்கலாம்ணே."

அக்கா சொன்ன வழி கேட்பதற்குச் சுலபம்தான். பூனைக்கு மணி கட்டுகிற யோசனையும் எலிகளுக்குச் சுலபமாகத்தான் தோன்றியது. பழைய கணினிக்கு ஏற்ற பழைய நெட்வொர்க் அட்டை ஒன்று வேண்டும். அந்த அட்டையோடு ஒத்துப்போகிற டெர்மினல் மென்பொருள் ஒன்று வேண்டும். மாடியிலிருக்கிற பெரிய கணினியின் திரையைக் கம்பி வழியாகக் கீழே கொண்டுவந்து காட்டுகிற மென்பொருள் அது. இரண்டுக்கும் நடுவே நின்று பேச ஒரு குட்டி மென்பொருளும் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். அட்டை, கழித்துப் போட்ட சாமான் அறையில் ஒரே ஜாதியில் இரண்டு கிடைத்துவிட்டது. மென்பொருள்தான் கிடைக்கவில்லை. அந்த அட்டையைச் செய்தவர்களே அதை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அக்கா பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லாரிடமும் பிளாப்பிகளைக் கேட்டு வாங்கி வந்தார். மாடியில் தன் மேஜையில், அதே காலத்துப் பழைய கணினி ஒன்றில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பதிவறையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு அது தினசரி வேடிக்கை.

"என்னக்கா, இன்னைக்கு எத்தனை மாப்பிள்ளை பார்த்தீங்க?"

"ஒருத்தன் வந்தான். நல்லாத்தான் இருந்தான். அட்டைப் பொண்ணைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்துட்டான்."

"முதல்ல ஒருத்தன் வந்தானே, அவன் என்ன ஆனான்?"

"அவனா? ஆமை. ஒரு எழுத்து எழுதிட்டு மூச்சு வாங்கிட்டு அடுத்த எழுத்து எழுதுறான். அவன்கிட்ட டெலிபோன் அண்ணனைக் கட்டி வெச்சா, நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவாரு, வார்டு நம்பர் வந்து சேராது."

ஒன்று அட்டையை அடையாளமே தெரியாது என்றது. ஒன்றுக்குக் கணினியின் ஞாபகம் முழுவதும் தனக்கே வேண்டுமாம். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அட்டையைக் கண்டதும் ஒட்டிக்கொண்டது. திரையைக் கண்மூடித் திறப்பதற்குள் நிரப்பியது. நல்ல பிளாப்பிக்குப் பஞ்சம். அக்கா ஆமையை அழித்துவிட்டு, அந்தப் பிளாப்பியிலேயே புது மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கீழே வந்தார்.

கீழேயும் ஒரு சிக்கல். மூக்கனுடைய அட்டையும் நெட்வொர்க் அட்டையும் கணினியைக் கூப்பிட ஒரே மணியை அடித்தன. இரண்டு பேர் ஒரே கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவருக்கு யார் என்று எப்படித் தெரியும்? கணினி திகைத்து நின்றது. அக்கா நெட்வொர்க் அட்டையில் இருந்த அரிசி அளவு கறுப்புத் தொப்பி ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்து ஊசியில் மாட்டினார். வேறு மணி ஆயிற்று. கணினி நிமிர்ந்தது.

அன்று டெலிபோன் அறையில் கூட்டம். மேலாளர் வந்தார், பதிவறைப் பெண் வந்தார், வழியில் போன நர்ஸ் அம்மாவும் நின்றார். அக்கா விசையைத் தட்டினார்.

"வந்துட்டுது!" என்றார் மேலாளர்.

"அட, மாடியில இருக்கிறது அப்படியே இங்க வருதே!" என்றார் நர்ஸ்.

"ஓடுது! ஓடுது!" என்று அக்கா கூவினார். ஒரு பெண்பிள்ளை ஊஞ்சல் உச்சியிலிருந்து கத்துவது போல அந்தக் குரல் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

டெலிபோன்காரர் இடது காதில் கருவியை வைத்துக் காத்திருந்தார். மூக்கன் பேசவில்லை. விசையை மாற்றி அழுத்திப் பார்த்தார். காதுக்குள் பாழுங்கிணறு போல மௌனம். சுற்றிலும் கைதட்டல். அவரும் கைதட்டினார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு தங்கச்சி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"பேசலைன்னா பேசலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணு எத்தனை கடை ஏறி இறங்குச்சோ. குரல்ல அவ்வளவு சந்தோஷம். அதுல எப்படி மண்ணள்ளிப் போடுறது?"

"நல்ல கதை. உமியை அரிசின்னு சொல்லி உலையில போட்டா, போட்டவங்களுக்கு வேணா திருப்தி. பசி ஆறணுமே?"

"சரி, நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கும் சொல்லவில்லை. பதிலாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். யாராவது கூப்பிட்டால், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, உள் டெலிபோனில் பதிவறைப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். வாழ்நாளில் சொல்லாத "ஒரு நிமிஷம் இருங்க"வை நாள் முழுக்கச் சொன்னார்.

ஒரு முற்பகலில் ஒருவர் தெருமுனைக் காசு டெலிபோனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் லாரிகளின் சத்தம். "அய்யா, எங்கம்மாவைக் கொண்டாந்து சேர்த்தாங்களாம். நான் வெளியூர்ல இருந்து இப்பத்தான் இறங்கினேன். எந்தப் பக்கம் வரணும், எந்த வார்டு?" டெலிபோன்காரர் அவரை இருக்கச் சொல்லிவிட்டு மாடிக்குக் கூப்பிட்டார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதிவறைப் பெண் வந்து எடுத்து, தேடிச் சொல்வதற்குள், காசு தீர்ந்து இந்தப் பக்கம் இணைப்பு அறுந்துவிட்டது. வார்டு, கட்டில் எல்லாம் டெலிபோன்காரர் கையில் இருந்தது. கேட்டவர் இல்லை. அவர் வெகுநேரம் அந்தக் கருவியைக் காதிலேயே வைத்திருந்தார், லாரிச் சத்தம் திரும்பக் கேட்குமோ என்று. கேட்கவில்லை. தபால் அறை நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து இங்கேயே வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

விஷயத்தை உடைத்தது பதிவறைப் பெண்தான். அக்காவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க டெலிபோன் அண்ணனுக்கு மிஷினைப் போட்டுக் கொடுத்தீங்களா, இல்ல என்னைப் போட்டுக் கொடுத்தீங்களா? என் காது தேயுது" என்றார்.

மூட்டையில்லாமல் அக்கா கீழே வந்தது அன்று ஒருநாள்தான். நடை வழக்கத்தைவிட வேகமாக இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குக் கைதட்டினீங்களே, எதுக்குத் தட்டினீங்க?"

டெலிபோன்காரர் மேஜையைத் தடவினார். "எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன்."

"மூக்கன் பேசவே இல்லையா?"

"முக்கல் முனகல்கூட இல்ல."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா உட்கார்ந்துவிட்டார். "கண் தெரியாத மனுஷனுக்கு மிஷின் போட்டுட்டு, ஓடுதான்னு நான் என் கண்ணால பாத்திருக்கேன். பாத்துட்டு என் கையாலயே தட்டியும் இருக்கேன். இதைவிட ஒரு கோமாளித்தனம் உண்டா?" நாற்காலி அவர் பக்கமாகத் திரும்பியது. "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"சொல்லியிருக்கணும். நீ ஆசைஆசையாக் கொண்டுவந்தே. நான் உன் மனசைப் பாத்தேன்."

"என் மனசைப் பாத்து என்ன ஆகப்போகுது? டெலிபோன்ல காத்திருக்கிறவங்களையில்ல பாக்கணும்."

அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. லாரிச் சத்தம் திரும்பக் கேட்டது போல இருந்தது.

அப்போது டக் என்று ஒரு சத்தம்.

"என்ன அது?"

"திரையை அணைச்சேன். அது என்னை ஏமாத்துது. ஒரு காதுக் கருவியை இப்படிக் கொடுங்க."

அக்கா அன்று திரை இல்லாமலே வேலை செய்தார். கணினியை ஆரம்பத்திலிருந்து எழுப்பினார். மூக்கன் கணகணவென்று பேசினான். டெர்மினல் மென்பொருளைத் தொடங்கியதும் வாய் மூடிக்கொண்டான். அதை விட்டு வெளியே வந்ததும் திரும்பப் பேசினான். போகவும் வரவும் இப்படியே. அக்கா தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார்.

"மூக்கன் வாசல்ல உக்காந்திருக்கிற காவல்காரன்ணே. உள்ள போற ஒவ்வொரு எழுத்தையும் பாத்துப் பேர் சொல்றான். இந்தப் புதுப் பையன் இருக்கானே, வேகம் வேகம்னு வாசலுக்கே வராம சுவரேறிக் குதிச்சு நேராத் திரைக்குப் போறான். திரையில இருக்கிறவங்களுக்குத் தெரியுது. காவல்காரனுக்கு என்ன தெரியும்?"

"அப்ப வாசல் வழியா வர்ற ஆள் வேணும்."

"ஒவ்வொரு எழுத்தா, வரிசையா, வாசல்ல நின்னு சொல்லிட்டு..." அக்கா சட்டென்று நிறுத்தினார். பிறகு நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "ஆமை! அந்த ஆமை மெதுவாப் போனது அதனாலதான்ணே. அவன் வாசல் வழியாப் போறவன். அவனைத்தான் நான் முதல்லயே துரத்தினேன். துரத்தினதோட விட்டேனா, அழிச்சே போட்டேன்."

ஆமையைக் கொடுத்தது பழைய சாமான் கடைக்காரர் ஒருவர். மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார். டெலிபோன்காரரும் கிளம்பினார்.

"நீங்க எதுக்குண்ணே வெயில்ல?"

"வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் நான் இல்லாமலே சரி சொன்னே. இந்தத் தடவை நானும் வர்றேன்."

மூட்டை முடிச்சின் வால் ஒன்று நீளமாகத் தொங்கும். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், அக்கா முன்னால் நடந்தார். பஸ்ஸில் நடத்துநர், "மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கணுமா, மூட்டையைப் பிடிச்சிருக்கிறவருக்கு மட்டுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்.

கடை முழுக்கத் துருவாசனையும் தூசியும். ஒரு மேஜை விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"நீங்களா? போன தடவை பிளாப்பி, இந்தத் தடவை என்ன?" என்றார் கடைக்காரர்.

"அதே பிளாப்பிதான். அது மாதிரி இன்னொண்ணு."

"ஏன், கொடுத்தது?"

"அழிச்சுட்டேன்."

"அடக் கடவுளே. கல்யாணத் தரகருங்ககூட இவ்வளவு அலைய மாட்டாங்கம்மா. பெட்டி நிறைய இருந்துச்சு. எடைக்குப் போட்டாச்சு." விசிறி ஒரு சுற்று சுற்றியது. "இருங்க, ஒண்ணு இருக்கணும். இந்த மேஜை ஆடுச்சுன்னு காலுக்கு அடியில ஒண்ணு கொடுத்தேன்."

தரையில் மண்டியிடுகிற சத்தம். மேஜை முனகியது. அக்கா உதடு குவித்துத் தூசி ஊதுவது கேட்டது. ஊதிவிட்டு மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "அண்ணே, ஆமைதான்!"

"எடுத்துட்டா என் மேஜை ஆடுமே?" என்றார் கடைக்காரர்.

"மேஜை ஆடினா அட்டையை மடிச்சு வெச்சுக்கலாம். இவரு வேலை ஆடினா எதை வைக்கிறது?" என்றார் அக்கா. காசு வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்கா தன் பங்குக்கு உட்கார்ந்து விசிறியின் கடகடப்பை நிறுத்திக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மேஜைக் கால் மிதித்த பிளாப்பி படிக்குமா படிக்காதா என்று வழியெல்லாம் யாரும் பேசவில்லை. டெலிபோன்காரர் மனசுக்குள் ஆண்டவன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்காவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பது அவர் உதட்டு முணுமுணுப்பில் தெரிந்தது.

அறையில் அக்கா முதலில் திரையின் கம்பியையே பிடுங்கினார். பிறகு கணினியின்மேல் கை வைத்து வழக்கமான வார்த்தையைச் சொன்னார். பிளாப்பி கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது. மேலாளர் வாசலில் வந்து நின்று, "என்னம்மா, ஓடுதா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். அவரைத்தான் கேக்கணும்."

டெலிபோன்காரர் கருவியைக் காதில் அழுத்திப் பிடித்தார். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. அப்புறம், ஆழக் கிணற்றிலிருந்து வாளி ஏறி வருவது போல, மூக்கால் ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. ஒரு பேர். ஒரு வார்டு. ஒரு கட்டில்.

பக்கத்தில் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது அவருக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டியது. பார்க்க உதவாத கண்ணை ஆண்டவன் இந்த ஒரு வேலைக்காவது வைத்திருக்கிறான்.

அப்போது டெலிபோன் அடித்தது. யாரோ ஒரு அம்மா, அங்கே சேர்த்திருக்கிற தன் அக்காவைக் கேட்டார். "வருதும்மா, கொஞ்சம் நடந்து வருது, வந்துட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் காத்திருந்தார். "பெண்கள் பகுதி, மேல்மாடி, கதவுக்குப் பக்கத்துக் கட்டில். படிக்கட்டு ஏறி வலது கைப்பக்கம் வாங்க." கருவியை வைத்தார்.

"இப்பக் கைதட்டலாமாண்ணே?" என்றார் அக்கா மெதுவாக.

"இரு தங்கச்சி. இந்தத் தடவை நான்தான் முதல்ல" என்று சொல்லி அவர் தட்டினார்.

தபால் அறை நாற்காலியில் யாரோ கோப்புகளை அடுக்கிவிட்டார்கள். ஆமையும் மூக்கனும் அதற்கப்புறம் பல வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தார்கள். அந்தக் கணினியில் திரையைத் திரும்ப மாட்டவே இல்லை. வருகிறவர்கள், "என்ன, தலையில்லாம நிக்குது?" என்பார்கள். "எனக்குத் தேவைப்படாத தலை" என்பார் டெலிபோன்காரர்.

அக்காவிடம் ஒரு பழக்கம் புதிதாக ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் யாருடைய மேஜையில் எதைச் சரிசெய்தாலும் சரி, தானாக எழுந்து போக மாட்டார். நாற்காலியை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பார். "நீங்க உக்காந்து செஞ்சு பாருங்க. உங்களுக்கு ஓடுதா, சொல்லுங்க." சில டாக்டர்களுக்கு அது எரிச்சல். "நீங்கதானேம்மா போட்டீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். "தெரியாதுங்க" என்பார் அக்கா, சிரிக்காமல்.

காலையில் வருவார், மாடி ஏறுவார். மகளுக்குக் கல்யாணமாயிற்று. மகள் போன இடம் தூரம். பேரப்பிள்ளை பிறந்ததும், "அம்மா, நீ அங்க யாருக்காக மூட்டை தூக்கிட்டு இருக்கே? இங்க வந்துடு" என்று டெலிபோன் மேல் டெலிபோன். அந்த அழைப்புகளும் டெலிபோன்காரர் வழியாகத்தான் மாடிக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் இணைப்பைக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை அக்கா சரி சொல்லிவிடுவாரோ என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். ஒருநாள் அக்கா சரி சொன்னார்.

கடைசி நாள் மத்தியானம் டெலிபோன் அறைக்கு வந்தார். மேஜைமேல் பருத்தித் துணியில் சுற்றிய ஒன்றை வைத்தார். டெலிபோன்காரர் தொட்டுப் பார்த்தார். அதே ஜாதி நெட்வொர்க் அட்டை. சாமான் அறையில் கிடைத்த இரண்டில் இன்னொன்று. கறுப்புத் தொப்பி ஏற்கெனவே சரியான ஊசியில் இருந்தது. கூடவே ஆமையின் நகல் ஒன்று.

"யாராவது வந்து ஏதாவது மாத்தி வெச்சுட்டு, ஓடுதுன்னு சொன்னா நம்பாதீங்கண்ணே. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

"கைதட்ட மாட்டேன், போதுமா?"

அக்கா சிரித்தார். அவர் மனைவியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மூக்கனையும் விசாரித்தார். டெலிபோன்காரர் அட்டையைத் திரும்பத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தார். டெலிபோன் அன்று பார்த்து அடிக்காமல் இருந்தது. அக்கா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனார். நடையில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டு உருண்டு, சுவரில் இலேசாக மோதி நின்றது. தினமும் காலையில், மாடிப்படி சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கேட்கிற சத்தம் அது. வேலைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிற நாட்களில் டெலிபோன்காரர் அறைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

திரும்ப வாசலுக்கு வந்து அக்கா சொன்னது இதுதான். அதற்கப்புறம் அவர்கள் சந்திக்கவில்லை.

"அண்ணே, நாளைலேருந்து நடையில கையை முன்னால நீட்டிக்கிட்டே வாங்க. அழுக்குத் துணி வண்டியை ஓரமாத் தள்ளி வைக்க நான் இருக்க மாட்டேன்."